கருடமங்கலம் கல்லில் கிடைத்த நத்தை புது இனமா? நுனியைப் பார்க்காமல் சொல்ல முடியாது

ஜனவரி 18, லால்குடி வாசகர் ஒருவரின் கேள்வி

"கருடமங்கலம் பக்கம் கிணறு வெட்டிக் குவித்த கல்லில் விரல் நீளத்துக்கு ஒரு கடல் நத்தை கிடைத்திருக்கிறது. ஒல்லியாக, உயரமாக இருக்கிறது. இணையத்தில் தேடிப் பார்த்த எந்தப் படத்தோடும் பொருந்தவில்லை. புது இனம் என்றே நினைக்கிறேன். எங்கே பதிவு செய்ய வேண்டும்? என் பெயரையே வைக்கலாமா?"

ஜனவரி 18, இரவு

படம் பார்த்தேன். ஓட்டின் மேல் வரிகள் தெளிவாகத் தெரிகின்றன, சந்தோஷம். ஆனால் இந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. கல் எந்த ஆழத்திலிருந்து வந்தது, வாய்ப்பக்கம் முழுசாக இருக்கிறதா, நுனி உடைந்திருக்கிறதா அல்லது கல்லுக்குள் புதைந்திருக்கிறதா, இவை தெரிய வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். ஆசிட் பக்கமே போக வேண்டாம். கல்லும் சுண்ணாம்பு, ஓடும் சுண்ணாம்பு. கல்லைக் கரைக்கிறேன் என்று ஆசிட் ஊற்றினால் நத்தையும் சேர்ந்து போய்விடும். எங்கள் ஆய்வகத்தில் நல்ல மாதிரி ஒன்று இப்படிப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 19

இணையத்தில் பொருந்தவில்லை என்பது ஆதாரமே ஆகாது தம்பி. நம் ஊர் நத்தைகள் இணையத்துக்கு ரொம்ப முந்தியவை. கேய், கன்லிஃப் என்ற இரண்டு பேர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் சேகரித்த புதைபடிவங்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் விவரித்தார். அவர் பெயர் வைத்த சோழிகளில் ஒன்று கேயின் பெயரையே தாங்கி நிற்கிறது. அடுத்து ஹென்றி பிளான்ஃபோர்டும் உடன் இருந்தவர்களும் இந்தப் பாறைகளை அளந்து வரைபடம் போட்டார்கள். அந்த அறிக்கை 1862இல் வந்தது. அவர்கள் சேர்த்த நத்தைகளை எல்லாம் கல்கத்தாவில் உட்கார்ந்து விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டாலிஸ்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீடாக 1867-68இல் தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் கால (டைனோசர்களின் கடைசிக் காலம்) நத்தைகளுக்கு மட்டுமே ஒரு தொகுதி, பக்கம் பக்கமாகக் கல்லச்சுப் படங்களோடு வந்தது.

உங்கள் நத்தை அந்தப் படங்களில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஸ்கேன் செய்த பிரதிகள் கிடைக்கின்றன. பொறுமையாகப் பக்கம் புரட்டுங்கள். பழைய பிரெஞ்சு நூல்களையும் எடுத்துப் பார்த்தால் நத்தை தலைகீழாக, நுனி கீழே இருக்கும்படி அச்சாகியிருக்கும். அது அவர்கள் வழக்கம், பயப்பட வேண்டாம்.

ஜனவரி 19, சற்று நேரம் கழித்து

பெயர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டேன். தன் பெயரைத் தானே வைக்கக் கூடாது என்று விலங்குப் பெயரீட்டு விதிகளில் தடை கிடையாது. ஆனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. கண்டெடுத்தவரின் பெயரை விவரிப்பவர் வைப்பதே மரபு.

ஜனவரி 22

ஸ்டாலிஸ்காவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. மொராவியாக்காரர், 1838இல் பிறந்தவர். இந்தியாவுக்கு வருமுன் வியன்னாவில் இருந்தபோது ஆல்ப்ஸ் மலையின் கோசாவ் பாறைகளில் உள்ள நத்தைகளில் ஊறியவர். அதுவும் கிரெட்டேசியஸ் காலப் பாறைதான். 1862இல் கல்கத்தா வந்த சில ஆண்டுகளிலேயே அம்மோனைட் (கணவாய்க்கு உறவான, சுருள் ஓடுள்ள கடல் பிராணி, இன்று இல்லை), நத்தை, சிப்பி என்று நம் பாறைகளின் உயிரினங்களை ஒவ்வொன்றாக விவரித்துத் தள்ளினார். 1874இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், காரகோரம் தாண்டி லடாக்கில் இறந்துபோனார். வயது 36. லடாக்கின் லே நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அரியலூரில் ஒரு தெருவுக்காவது அவர் பெயர் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. வியன்னாவில் பழகிய கண்ணோடு வந்தவர் என்பதால், நம் நத்தைகள் சிலவற்றை ஐரோப்பிய சிற்றினங்களே என்று அடையாளம் காட்டினார். அந்தக் காலத்தில் அது தவறான முறையே இல்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று அப்போது யாருக்கும் தெரியாது. இன்று நமக்குத் தெரியும். கருடமங்கலம் கல் கடலடியில் படிந்துகொண்டிருந்த சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா தெற்கே எங்கோ இருந்தது. மடகாஸ்கரும் அதுவும் பிரியும் தறுவாயில் இருந்த காலம் அது. ஆல்ப்ஸ் பக்கத்துக் கடலில் ஊர்ந்த நத்தையும் திருச்சிக் கடலில் ஊர்ந்த நத்தையும் ஒரே சிற்றினம் என்றால் எப்படி வந்து சேர்ந்தது? அம்மோனைட் நீந்தும். நத்தை ஊரும்.

ஆகவே இங்கே நிறைய புது சிற்றினங்கள், பழைய ஐரோப்பியப் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். கிணற்றுக் கல்லில் தேடுவதைவிட அருங்காட்சியக இழுப்பறையில் தேடினால் அதிகம் கிடைக்கும் என்பேன்.

ஜனவரி 23

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். "நத்தை ஊரும்" என்பதோடு விட்டால் பாதி உண்மைதான். வளர்ந்த நத்தை ஊரும். பல கடல் நத்தைகளின் குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதந்து, வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு போகும். அப்படிப்பட்ட சிற்றினம் பெரிய தூரம் பரவியிருக்க வாய்ப்பு உண்டு. சில நத்தைகளின் குஞ்சோ முட்டைப் பையிலிருந்து வெளியே வந்ததும் அங்கேயே ஊர ஆரம்பித்துவிடும். அது தன் கரையைத் தாண்டுவது கஷ்டம்.

9 கோடி ஆண்டுக்கு முன் செத்த நத்தையின் குஞ்சு மிதந்ததா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டின் நுனியில் எழுதியிருக்கிறது. குஞ்சாக இருந்தபோது கட்டிய ஓடுதான் வளர்ந்த ஓட்டின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. மிதந்து மேய்ந்த குஞ்சு என்றால் நுணுக்கமான சுற்றுகள் பல இருக்கும், தொடக்கப் புள்ளி மிகச் சிறியதாக இருக்கும். முட்டையின் கருவைத் தின்றே வளர்ந்தது என்றால் தொடக்கம் பருத்து, ஒன்று இரண்டு சுற்றோடு முடிந்துவிடும். அந்தக் குஞ்சு ஓடு முடிந்து பெரிய ஓடு தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு தழும்புக்கோடு தெரியும்.

இதனால்தான் முதல் நாளே நுனியைக் கேட்டேன். பெரியதாக, பளபளப்பாக இருப்பதை எடுத்துக்கொண்டு, நுனி உள்ள சின்ன ஓடுகளைக் கல்லோடு எறிந்துவிடுவதுதான் நம் ஊரில் வழக்கமாக நடக்கிறது.

ஜனவரி 23, இரவு

சில நத்தைக் குடும்பங்களில் குஞ்சு ஓடு ஒரு பக்கமும் பெரிய ஓடு எதிர்ப்பக்கமும் சுற்றியிருக்கும். லென்ஸில் முதல்முறை பார்க்கும்போது புல்லரிக்கும். அந்த ஒரு அடையாளமே அதை நத்தைகளின் தனியொரு பெரும் பிரிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வெளித்தோற்றத்தில் டர்ரிடெல்லா (திருகாணி போல ஒல்லியாக நீண்ட கடல் நத்தை) மாதிரியே உயரமாக இருந்தாலும், நுனி இப்படி இருந்தால் அது டர்ரிடெல்லா இல்லை.

ஜனவரி 29

கிணற்றுக்காரரிடம் விசாரித்தீர்களே, அதற்குத் தனியாக நன்றி. மேலே கரிசல், அதன் கீழ் மஞ்சள் களி, அதற்கும் கீழே இந்தச் சிப்பிக் கல் பலகை என்று அவர் சொன்ன வரிசையை அப்படியே, தேதி போட்டு எழுதி வையுங்கள். எத்தனை முழம் என்று அவர் சொன்னால் முழம் என்றே எழுதுங்கள், மீட்டரை அப்புறம் கணக்குப் போடலாம்.

நம் பகுதியில் ஒரு பஸ் தூரத்துக்குள் காலம் மாறிவிடும். ஊட்டத்தூர், காரை பக்கம் போனால் களிமண் மேடுகள், ஜிப்சம் நரம்புகள், பெலெம்னைட் (கணவாய்க்கு உறவான பழைய பிராணி) துண்டுகள்: இங்குள்ள மூன்று கிரெட்டேசியஸ் பாறைப் பிரிவுகளில் இதுதான் பழையது. கருடமங்கலம், குளக்காநத்தம் எல்லாம் திருச்சிப் பிரிவு. கிழக்கே அரியலூர்ப் பிரிவு இன்னும் இளையது, சிமெண்டுக்கு வெட்டும் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் அதில்தான் இருக்கிறது. அதற்கும் மேலே நின்னியூர்ப் பாறை, டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக் கோட்டைத் தாண்டிய பிறகு படிந்தது. ஒரே வடிவ நத்தை ஊட்டத்தூரில் ஒன்று, நின்னியூரில் ஒன்று கிடைத்தால் நடுவே ஏறத்தாழ 3 முதல் 4 கோடி ஆண்டு இடைவெளி. அடுக்கு தெரியாத நத்தை மேசையில் வைக்கத்தான் ஆகும்.

மேசை என்றதும் நினைவு வருகிறது. கருடமங்கலம் கல்லையே பளபளப்பாக்கித் திருச்சி மார்பிள் என்று மேசைப் பலகைக்கும் அலங்காரத்துக்கும் பயன்படுத்தினார்கள். உண்மையில் அது மார்பிள் இல்லை, சிப்பியும் நத்தையும் நெருக்கியடித்துக் கிடக்கும் சுண்ணாம்புக்கல். நான் படித்த இடத்தில் ஒரு பழைய பலகை இருந்தது. அதன் வழவழப்பான முகத்தில் நத்தைகள் குறுக்கே வெட்டுப்பட்டு, நடுத்தண்டும் அறைகளும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பாடத்தைவிட அந்தப் பலகை எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

பிப்ரவரி 2

அரியலூரிலிருந்து இன்னொரு வாசகர் படம் அனுப்பியிருக்கிறார். "வழவழவென்று, வரியே இல்லாத நத்தை, இது நிச்சயம் புதுசு" என்கிறார்.

ஐயா, அது ஓடே இல்லை. நத்தை செத்த பின் உள்ளே சேறு நிறைந்து இறுகிவிட்டது. வெளி ஓடு அரகோனைட் என்ற கனிமம், அது எளிதில் கரையும். கொழுக்கட்டையின் மேல்மாவு போய்ப் பூரணம் மட்டும் நிற்பதைப் போல உள்வார்ப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. வரி, முடிச்சு, முள் எல்லாம் மேல் ஓட்டில் இருந்தவை. உள்வார்ப்பை மட்டும் வைத்துப் பெயரிட்ட நத்தைகள் எத்தனையோ இன்று எந்தப் பேரினத்திலும் சேர்க்க முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கின்றன. தயவுசெய்து அந்தப் பட்டியலை நீட்ட வேண்டாம்.

ஆனால் அதை எடுத்த இடத்தில் கல்லில் ஒரு குழி இருக்கும் அல்லவா? அந்தக் குழியின் சுவரில் வெளி ஓட்டின் பதிவு இருக்கும். அதையும் எடுத்து வாருங்கள். லேடெக்ஸ் ரப்பர் பாலை மெல்லிசாக ஊற்றி, காய்ந்ததும் உரித்தால் கரைந்துபோன ஓட்டின் மேற்பரப்பு அப்படியே கைக்கு வரும்.

சிமெண்டு சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். வெடி வைக்கும் இடம். கல்லூரி வழியாகக் கடிதம் கொடுத்துப் போனால் பெரும்பாலும் விடுவார்கள்.

பிப்ரவரி 8

லால்குடி தம்பியின் நத்தைக்கு வருவோம். உயரமான ஓடு என்றாலே எல்லோரும் டர்ரிடெல்லா என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். பழைய சேகரிப்புகளில் பாதி அப்படித்தான். முதலில் நெரினியா இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நெரினியா கூட்டம் கிரெட்டேசியஸ் முடிவோடு பூண்டோடு அழிந்துபோனது. அதன் அறைகளுக்குள், தண்டிலிருந்தும் சுவரிலிருந்தும் மடிப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நீளவாக்கில் வெட்டித் தேய்த்தால் தெரியும்.

நல்ல மாதிரியை வெட்டிவிடாதீர்கள்! அதே கல் குவியலில் உடைந்த துண்டு இருக்கும், அதை வெட்டுங்கள். கிரானைட் பட்டறையில் சொன்னால் ஒரு நிமிஷ வேலை. பிறகு கண்ணாடித் துண்டின் மேல் கார்பரண்டம் என்ற தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் போட்டுத் தேயுங்கள், தண்டின் நடுக்கோடு வரும்வரை.

பிப்ரவரி 16

வெட்டுமுகம் பார்த்தேன். அறைகள் சுத்தமாக வட்டமாக இருக்கின்றன, மடிப்பு எதுவும் இல்லை. நெரினியா போய்விட்டது. உச்சிப் பக்கத்து அறைகளில் குறுக்கே மெல்லிய தடுப்புகள் தெரிகின்றனவே, கவனித்தீர்களா? டர்ரிடெல்லா குடும்பத்தில் இது உண்டு. வளர வளர உடம்பு கீழே இறங்கி, பழைய நுனி அறைகளைத் தடுப்புப் போட்டு அடைத்துக்கொள்ளும். நுனி உடைந்தாலும் பிராணிக்கு ஒன்றும் ஆகாது. நமக்குத்தான் நஷ்டம், ஏனென்றால் உயிரோடு இருக்கும்போதே நுனி உடைந்துபோன டர்ரிடெல்லா ஏராளம்.

இந்தக் குடும்பத்தில் சிற்றினத்தைப் பிரிக்க, வளர்ந்த சுற்றில் எத்தனை வரி என்பது அவ்வளவாக உதவாது. இளம் சுற்றுகளில் எந்த வரி முதலில் முளைக்கிறது, எது அடுத்து, எது கடைசி என்ற வரிசைதான் முக்கியம். வளர்ந்த பின் எல்லாம் ஒரே உயரமாகிவிடும், யார் மூத்தவர் என்று தெரியாது. மறுபடியும் நுனிப்பக்கம்தான் வேண்டும். இரண்டாவது, வளர்ச்சிக் கோடு. வரிகளுக்குக் குறுக்கே மேலிருந்து கீழே போகும் மெல்லிய கோடு, வாய் விளிம்பு ஒவ்வொரு காலத்திலும் எப்படி வளைந்திருந்தது என்று காட்டும்.

பிப்ரவரி 17

படம் எடுக்கும் முறையைக் கேட்டிருக்கிறீர்கள். கல்லின் கறையும் நிறமும் வரியை மறைக்கும். அதனால் நவச்சாரம் பூசுவோம். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதே நவச்சாரம்தான். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் போட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் வெண்புகை கிளம்பும். அதை நத்தையின் மேல் மெதுவாக ஊத வேண்டும். சில விநாடிகளில் கறுத்த ஓடு பனி படிந்தாற்போல் வெளுத்து, அதுவரை கண்ணில் படாத நூலிழை வரிகள்கூட எழுந்து நிற்கும். படம் எடுத்தபின் தண்ணீரில் கழுவினால் போய்விடும். புகையை மூக்கில் இழுக்கக் கூடாது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து விழ வேண்டும். எல்லோரும் அப்படியே எடுப்பதால், மேடா பள்ளமா என்று படத்தைப் பார்த்தே கண் புரிந்துகொள்ளும். பக்கத்தில் அளவுகோல் கட்டாயம். நாணயம் வைக்காதீர்கள்.

பிப்ரவரி 20

ஒரு நண்பர் "கண்ணால் பார்த்து இவ்வளவு நுணுக்கமா?" என்று கேட்டார். கீராட் வெர்மெய் என்ற விஞ்ஞானி மூன்று வயதிலிருந்து பார்வை இல்லாதவர். விரலால் தடவியே கடல் ஓடுகளைப் படித்தவர். நண்டுகளும் மீன்களும் ஓட்டை உடைக்கக் கற்றுக்கொள்ள, நத்தைகள் ஓட்டைத் தடிப்பாக்கி, வாயைக் குறுக்கி, முள் வைத்துத் தற்காத்துக்கொண்ட பெரும் போட்டியைப் பற்றி 1977இல் எழுதினார். அந்தப் போட்டி சூடுபிடித்தது கிரெட்டேசியஸில்தான். ஆகவே உங்கள் ஓட்டை விரல் நகத்தால் மெதுவாகச் சுற்றித் தடவிப் பாருங்கள். வளர்ச்சிக் கோடு திடீரென்று கோணலாகி, மேடு தட்டி, மறுபடி நேராகும் இடம் இருந்தால் அது ஒரு பிராணி கடித்து, நத்தை தப்பித்து, ஓட்டைச் சரிசெய்துகொண்ட தழும்பு. அந்தக் கோணலை வைத்துப் புது சிற்றினம் என்று சொல்லிவிடக் கூடாது. வட்டமான சின்னத் துளை இருந்தால் பெரும்பாலும் இன்னொரு நத்தை துளைத்துத் தின்றது.

மார்ச் 1

"இத்தனையும் சரி, புதுசு என்று தேறினால் எப்படி அறிவிப்பது?"

தினசரியில் செய்தி வந்தால் பெயர் ஆகாது. ஆய்வேட்டில் எழுதி அலமாரியில் வைத்தாலும் ஆகாது. முறையாக வெளியான ஆய்விதழில் விவரணை வர வேண்டும். அதில் மற்ற சிற்றினங்களிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ்களையும் 2012 முதல் விதிகள் ஏற்கின்றன, ஆனால் விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் பதிவு வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் வைக்கும் பெயர்களுக்கு மூலமாதிரி (பெயருக்கு அடிப்படையான மாதிரி) எது என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவதும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று சொல்வதும் கட்டாயம். வீட்டு பீரோ சேகரிப்பு ஆகாது. நாளை ஒருவர் போய் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று இருக்கிறது. ஒரு கல்லூரியில் தட்டு நிறைய அருமையான நத்தைகள், ஒவ்வொன்றிலும் "திருச்சி" என்ற ஒற்றைச் சொல் மட்டும். சேகரித்தவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். நோட்டுப் புத்தகத்தை வெள்ளையடிக்கும்போது தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அவ்வளவு அழகான ஓடுகள், ஒன்றுக்கும் அடுக்கு தெரியாது.

மார்ச் 3

பழைய பெயர் இருந்தால் அதற்குத்தான் முதல் உரிமை. ஃபோர்ப்ஸ் 1846இல் வைத்த பெயர், ஸ்டாலிஸ்கா வைத்த பெயரை வெல்லும், உங்கள் பெயரையும் வெல்லும். அதனால் படத்தோடு ஒப்பிடுவதோடு நிறுத்தாமல் மூலமாதிரியோடு ஒப்பிட வேண்டும். அக்காலத்தில் உடைந்த பகுதியை ஓவியர் நிரப்பி வரைவதுண்டு. ஸ்டாலிஸ்காவின் மாதிரிகள் கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையிடம் இருக்கின்றன. ஃபோர்ப்ஸின் மாதிரிகளுக்கு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். கருடமங்கலம் பகுதி நத்தைகளை கிளாஸ் பாண்டல் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 2000இல் மறுபடி ஆராய்ந்திருக்கிறார். அதைப் படிக்காமல் எழுதவே ஆரம்பிக்காதீர்கள். நம் அம்மோனைட்டுகளை உலகத்திலிருந்து பலரும் வந்து திருத்தி எழுதினார்கள். நத்தைகளுக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. பழைய பெயர் ஒன்றை அடுக்கோடு, நுனியோடு, நல்ல படத்தோடு சரியாக நிலைநிறுத்துவது புதுப் பெயர் வைப்பதைவிடப் பெரிய வேலை என்றே நான் நினைக்கிறேன். பத்திரிகையில் படம் வராது, அவ்வளவுதான்.

மார்ச் 15

தம்பி அனுப்பிய இரண்டாவது பொட்டலம் வந்தது. அதே கிணறு, அதே பலகைக் கல், சிறிய ஓடுகள் நிறைய. ஒன்றில் நுனி கல்லுக்குள் அப்படியே இருக்கிறது. ஊசியால் துகள் துகளாகச் சுரண்டி எடுத்தேன். இளம் சுற்றில் நடுவரி முதலில் எழுகிறது, கீழ்வரி அடுத்து. மேல்வரி நாலைந்து சுற்று கழித்தே தெரிகிறது. குஞ்சு ஓட்டின் கடைசிச் சுற்று மட்டும் தப்பியிருக்கிறது, அதை வைத்து மிதந்ததா இல்லையா என்று சொல்லத் துணிய மாட்டேன்.

இப்போதைக்குச் சீட்டில் "டர்ரிடெல்லா, சி.எஃப்." என்று போட்டு, ஸ்டாலிஸ்கா படத்தில் மிக நெருங்கி வரும் சிற்றினத்தின் பெயரை அடுத்து எழுதுங்கள். ஒப்பிடத்தக்கது, உறுதியில்லை என்று அதற்குப் பொருள். கீழே கிணறு இருக்கும் சர்வே எண், கிணற்றுக்காரர் சொன்ன அடுக்கு வரிசை, ஆழம், தேதி, எடுத்தவர் பெயர். இந்தியன் இங்கில் எழுதுங்கள், ஜெல் பேனா வேண்டாம். ஓட்டிலும் சின்னதாக வெள்ளை பெயின்ட் புள்ளி வைத்து அதே எண்ணை எழுதுங்கள். சீட்டும் கல்லும் பிரிந்தாலும் எண் சேர்த்துவைக்கும்.

மார்ச் 16

வளர்ச்சிக் கோட்டின் படம் இன்னும் வரவில்லை. மாலை வெயில் சாய்வாக விழும்போது, ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, கடைசி இரண்டு சுற்றை மட்டும் நெருக்கி எடுங்கள். அது வந்ததும் கொல்கத்தாவுக்குக் கடிதம் எழுதலாம்.